அம்மா பெயரில் வந்தவர்

15.6.1986, ஞாயிறு

நான் வேலை செய்யும் ரவாங் ஃபேக்டரியில் விடுமுறை. தோட்டத்துக்கு வந்தேன், தம்பி சேதுவைப் பார்க்க. மத்தியானம் கட்சிக்காரர் ஒருவர், இருசப்பனாம், டவுனிலிருந்து வாக்காளர் பட்டியலோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்.

"நல்லம்மாள்னு இருக்காங்களா? ஓட்டு இருக்குலா அவுங்களுக்கு."

சேது சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது. என் பெயர் புஷ்பவள்ளி, பிறந்த ஊர்ப் பட்டியலிலாவது இருக்கிறதா, தேடுங்கள் என்றேன். தேடினார். இல்லை.

16.6.1986

பஸ்ஸில் இதே நினைப்புதான். சேதுவும் நானும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். இருவருக்கும் குடியுரிமை உள்ள நீல ஐசிதான். அவன் கோலசிலாங்கூரில் ஐசியைக் காட்டினான், வாக்காளராகப் பதிந்துகொண்டார்கள். நான் ரவாங்கில் காட்டியபோது, "பிறப்புப் பத்திரம் எங்கே?" என்றார்கள். அது வெள்ளத்தில் போன கதையை யார் கேட்டார்கள்? தேர்தல் ஒன்று, நிரப்பும் படிவமும் ஒன்று. கேட்பது மட்டும் ஏன் ஊருக்கு ஊர் வேறு? மலேசியா முழுக்க ஒரே விதி என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

13.7.1986

அம்மாவின் மரணப் பத்திரத்தோடு சேது தேர்தல் ஆபீசுக்குப் போயிருக்கிறான். "நல்லம்மாள் பேர லிஸ்ட்லேர்ந்து அப்பவே வெட்டியாச்சே" என்றாராம் அதிகாரி. பட்டியலில் இருப்பது யார் என்று கேட்டால், அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். சேது சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவை வெட்டவில்லை. அப்படியென்றால் யாரை?

20.7.1986

அம்மா படத்துக்குப் பூ வைக்கக் கை தயங்கியது.

3.8.1986

ஓட்டு நாள். சேது உள்ளே போனான். நான் பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்றேன். கட்சி ஏஜெண்டுகள் காதில் விழும்படி, பட்டியல் வைத்திருந்த கிராணி ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்.

"நல்லம்மாள், சின்னையா மகள்." சின்னையா என் தாத்தா.

"நாந்தான்" என்று ஒரு குரல்.

அம்மா குரல் இல்லை. ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. சின்னக் கொண்டை, ஒரு தோள் சரிந்த நடை. வெயிலில் நின்றவளுக்குக் குளிர் எடுத்தது. வெளியே வந்ததும் பின்னாலேயே போனேன்.

"நீங்க சொன்ன பேரு எங்கம்மாது. அவுங்க செத்துட்டாங்க" என்றேன்.

அந்தப் பெண் அப்படியே கால்வாய் ஓரம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தோட்டமாம்.

"எம் பேரும் நல்லம்மாதான் தாயி. மொத வாசல்ல ஐசி நம்பரப் பாத்துட்டு, நீ செத்துட்ட, போன்னுட்டாங்க. அடுத்த வாசல்ல பேர மட்டும் கேட்டாங்க. இருந்துச்சு. வேற அப்பன் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, நானும் ஆமான்னுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டுப் பொட்டிக்கிட்ட போறப்ப ஒடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. நெசமாவே செத்துட்டனோன்னு."

தொட்டுப் பார்த்தேன். கை சூடாகத்தான் இருந்தது. எதற்குத் தொட்டேன்?

புகார் செய்தால் இவரைப் பிடித்துப் போவார்கள். செய்யாவிட்டால் அம்மா ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்துகொண்டே இருப்பாள்.

11.8.1986

லீவு போட்டு அவரைத் தேர்தல் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். ஓட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. உயிரோடிருப்பவரைச் சேருங்கள், இறந்தவரை எடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அதிகாரி நிமிரவில்லை. உயிரோடிருப்பதற்குத் தோட்டத்துக் கடிதம் வேண்டுமாம்.

"நிக்கிறேனே துவான், பத்தாதா?" என்றார் நல்லம்மாள்.

பத்தவில்லை. தோட்டத்துக்குத் திரும்பி, தோட்டக் கணக்கு எழுதும் கிராணியிடம் கடிதம் வாங்கி, மறுபடி பஸ் ஏறினோம்.

18.5.1987

புதுப் பட்டியலைச் சேது பார்த்துவிட்டான். நல்லம்மாள் வந்துவிட்டார். அம்மா இல்லை. நாம் கேட்டதுதானே? இருந்தும் அம்மாவை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போனதுபோல் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் ரவாங் வாக்காளர் பதிவுக் கவுண்டருக்குப் போனேன். கூட வேலை செய்யும் அமராவதியும் வந்தாள். வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். ஐசியைப் பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போடச் சொன்னார்.

"பிறப்புப் பத்திரம் வேணாமா?"

"அது எதுக்கு?" என்று சிரித்தார்.

திரும்பினால், பக்கத்துக் கவுண்டரில் அமராவதி முகம் செத்து நிற்கிறாள். பிறப்புப் பத்திரம் கேட்கிறார்களாம்.

அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, என் வரிசையில் நிறுத்தினேன்.