கல்வெட்டில் போடாத பக்கம்

10.08.2025
இவர் போய் எட்டாம் நாள். எட்டுச் செலவுச் சடங்கு இன்று முடிந்தது. சனம் போனபிறகு மகன் சுதாகரன் கல்வெட்டுப் பேச்சை எடுத்தான். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். தேவாரம், இவர்மேல் நாலு பாட்டு, படம், நன்றி.

"வேறை என்ன போடுவம் அம்மா?"

"அப்பா எழுதினதைப் போடு" என்றேன். முகம் கறுத்துவிட்டது அவனுக்கு.

12.08.2025
அப்படி என்னதான் எழுதிவிட்டார்? பங்குனியில் கோயிலடியில் சாராயக்கடைக்கு அனுமதி கிடைத்தபோது முகநூலில் போட்டது. "பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதையில் சாராயக்கடைக்கு அனுமதி கொடுத்த அரசாங்கம் எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறோம். எங்களுக்கு இது வேண்டாம்."

இவ்வளவுதான். பொலிஸ் கூப்பிட்டது. மக்களைக் குழப்புகிற எழுத்தாம். அழித்துவிட்டுக் கையெழுத்து வைக்கட்டாம். "பொய்யெண்டால் அழிக்கிறன். எது பொய்யெண்டு காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற அந்தச் சட்டம் வந்த நேரம் சந்தோஷப்பட்டவரும் இவர்தான். ஃபோனில் வருகிற தூஷணத்துக்கெல்லாம் பூட்டு விழும் என்றார். ஊர்வலம் போகிற பெடியளைக் கண்டாலே ஏசுகிற மனுசன். சுவாமி, சட்டம், பெரியவர்கள் சொல் என்று வாழ்ந்தவர். அவருடைய வாய்க்கே பூட்டோடு வந்து நின்றார்கள். விசாரணை முடியுமுன் மாரடைப்பு வந்து ஆள் போய்விட்டார். இறந்த மறுநாளே மகன் அந்த எழுத்தை ஃபோனிலிருந்து அழித்துவிட்டான். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

15.08.2025
சுதாகரன் அரசாங்கக் கந்தோரில் வேலை. "அம்மா, உதைப் போட்டால் என்னை மன்னாருக்கு மாத்தித் தூக்கிப் போடுவாங்கள். கீர்த்திகா இந்த வருசம் சோதினை எடுக்கிற பிள்ளை" என்கிறான். பேத்தியைச் சொன்னால் நான் என்ன கதைப்பது? அவன் பயம் பொய்ப் பயமும் இல்லையே.

ஆனால் இவர் கேட்டதும் பொய் இல்லை.

17.08.2025
சமைத்தேன். சாப்பிட மனம் வரவில்லை.

19.08.2025
மகனுக்குச் சொல்லாமல் தெல்லிப்பழைக்குப் போய் அச்சகக்காரப் பேதுருவைக் கண்டேன். இவருடைய நெடுநாள் சிநேகிதர். இவர் எழுதினதைக் கல்வெட்டில் ஒரு பக்கமாகச் சேர்க்கக் கேட்டேன்.

"அக்கா, மாதாவும் முருகனும் என்ரை மிசினிலை ஒண்டாய்த்தான் அடிபடுகினம். அதிலை எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்."

"உம்மை ஆர் அடிக்க வேண்டாமெண்டு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. போன வருசம் ஒரு நோட்டீசு அடிச்சதுக்கு ரண்டுபேர் வந்து, ஒண்டும் கதையாமல் மிசினைச் சுத்திப் பாத்திட்டுப் போனவை. அதுக்குப் பிறகு ஆரும் சொல்லத் தேவையில்லை."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன் — இவ்வளவு மலிவாக வாயை மூடலாம் என்றால் சட்டம்தான் எதற்கு?

26.08.2025
கல்வெட்டு வந்துவிட்டது. வழுவழுத் தாள், நல்ல படம். "அமைதியே உருவான அமரர் ஆழ்வாப்பிள்ளை" என்று பாட்டு. அமைதியாம்! அந்த அமைதியோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவள் நான். இந்தப் புத்தகத்தில் இருப்பது யாரோ ஒரு மனுசன்.

02.09.2025
கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. மதியம் வீட்டில், சனத்துக்கு முன்னால், ஊரில் எல்லா வீட்டிலும் கல்வெட்டுப் படிக்கிற நமசிவாயம் அண்ணை வழமைபோல் கல்வெட்டை ராகத்தோடு படித்தார். நான் அறைக் கதவடியில். கல்வெட்டுப் படிக்கிற இடத்தில் பெண்சாதி வாய் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தை நானும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வாசல் கேற்றடியில் ஒருவருக்கும் உறவில்லாத ஒருவர் நின்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். புலனாய்வுக்காரர் என்று எல்லாருக்கும் தெரியும்.

அண்ணை புத்தகத்தை மூடினார்.

"பொறுங்கோ அண்ணை. ஒரு பக்கம் விடுபட்டுப் போச்சு."

நானா சொன்னேன்? நான்தான். எழும்பி முன்னுக்கு வந்து, இவர் எழுதினதை அப்படியே சொன்னேன். முகநூலில் போடுவதற்கு முன்னம் "சரியோ, சரியோ" என்று எத்தனை தரம் எனக்கு வாசித்துக் காட்டியவர், மறக்குமா? "வேண்டாம்" என்ற இடத்தில் அழுதுவிட்டேன். பிறகு நமசிவாயம் அண்ணைதான் தேவாரத்தைத் தொடங்கினார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

கேற்றடி ஆள் பந்தியில் இருந்து நன்றாகச் சாப்பிட்டார். பாயாசம் இரண்டாம் தரமும் கேட்டாராம். போகும்போது இரண்டு கல்வெட்டும் கொண்டுபோனார்.

சுதாகரன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

05.09.2025
இன்னும் கதைக்கிறான் இல்லை. தேத்தண்ணி வைத்தால் குடிக்கிறான், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டேனோ?

08.09.2025
பின்னேரம் பொலிஸ் வந்தது. நாளைக் காலை என்னை வாக்குமூலத்துக்கு வரட்டாம். சுதாகரன் விறாந்தையில் நின்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டான். தனியாகத்தான் போகவேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனால், வெள்ளைச் சேட்டுக்கு இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"நாளைக்குக் கந்தோரிலை ஏதும் கூட்டமோ?"

"இல்லை. லீவு அனுப்பிட்டன்."

"காய்ச்சலெண்டு எழுதினனியோ?"

நிமிர்ந்து பார்த்தான். எத்தனை நாளுக்குப் பிறகு!

"இல்லையம்மா. அம்மாவோடை பொலிசுக்குப் போறன் எண்டுதான் எழுதினனான்."