உன் லாவெண்டர் பிஸ்கட்டும் நான் வராத மதியமும்

என் அருமை ஆக்னஸுக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான் வராமல் போனதற்கு, அன்று உங்கள் வீட்டில் பிரியாணி சமைத்ததுதான் காரணம் என்று நம் பள்ளித் தோழிகள் பேசிக்கொள்கிறார்கள். வயதான காலத்தில் ராஜலட்சுமிக்கு ஸ்ரீரங்கத்து ஆசாரம் முற்றிவிட்டதாம். அது தவறு. என் முதுகுக்குப் பின்னால் வாட்ஸ்அப்பில் பேசியதை, நம் பழைய மாணவியர் பத்திரிகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி திருத்துகிறேன். உனக்கு எழுதுவதாகவே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் உன் மகள் ரெஜினா அதை நம்பிவிட்டாள். ஞாயிறு தவறாமல் போன் செய்து, "பெரியம்மா, மாத்திரை போட்டீங்களா? போட்டேன்னு பொய் சொல்லக் கூடாது" என்பாள். தை மாதத்திலிருந்து அந்தப் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

உன் வீட்டில் நான் சாப்பிட்ட சாப்பாடு உனக்குத் தெரியும். ஒரு அடுப்பில் உங்களுக்கு மீன் குழம்பு கொதிக்கும். அடுத்த அடுப்பில், எனக்கென்று தனியாக நீ வைத்திருந்த வாணலியில் முருங்கைப்பூ வதங்கும். நாம் இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட என்ன சமைக்கலாம் என்று தேடித்தான் பூக்களுக்கு வந்து சேர்ந்தோம். வாழைப்பூ வடை, அகத்திப்பூப் பொரியல், பூசணிப்பூ பஜ்ஜி. சங்குப்பூவைக் கொதிக்க வைத்த தண்ணீரில் நீ நீலச் சோறு வடித்த அன்று என் வீட்டுக்காரர், "இது சாப்பிடவா, வேட்டிக்கு நீலம் போடவா?" என்று கேட்டார். நீ சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாய்.

பிறகு லாவெண்டர். திருச்சி வெயிலுக்கு அது தாங்காது என்று ஊட்டி நர்சரிக்காரர் சொன்ன ஒரே காரணத்துக்காக அதை வாங்கி வந்தவள் நீ. மண்தொட்டி, பாதிக்குப் பாதி மணல், காலை வெயில் மட்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். "செல்லம் குடுத்தா செத்துடும்டி இது" என்பாய். உன் மேலப்புதூர் வீட்டு வெயிலில் அது பிழைத்ததோடு நிற்காமல் பூவும் பூத்தது. அந்தப் பூவை நிழலில் உலர்த்தி, சர்க்கரையோடு பொடித்து, வெண்ணெயும் மைதாவும் சேர்த்து, எனக்காக முட்டை போடாமல் பிஸ்கட் சுட்டாய். பூ ஒரு சிட்டிகை கூடினால் சோப்பு மாதிரி ஆகிவிடும். உனக்கு ஒரு தடவையும் கூடியதில்லை.

நீ போன மறுமாதம் ரெஜினா அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "அம்மா இதை உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க, பெரியம்மா." முதல் நினைவு நாளுக்கு உன் பிஸ்கட்டை நான் செய்து கொண்டுவருவேன் என்று அன்றே அவளிடம் சொன்னேன். அவள் உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அன்றைய சாப்பாட்டுக்கு வேறு இனிப்பே சொல்லவில்லை.

மார்கழியில் மொட்டு விட்டது, ஆக்னஸ். நீ பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மகன் கூப்பிட்டான் என்று மூன்று வாரம் கோயம்புத்தூர் போனேன். கீழ் வீட்டில் இருக்கும் குமுதாவிடம், அதுதான் என் கொழுந்தனார் மனைவி, செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரே வேண்டாத செடிக்கு என்னவென்று சொல்லிவிட்டுப் போவது?

திரும்பி வந்தபோது தொட்டியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது. முன்னால் சின்னதாக ஒரு கோலம். மண் சேறாகக் கிடந்தது. இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது. குமுதா பின்னாலேயே படியேறி வந்தாள்.

"அக்கா, உங்க ஊட்டித் துளசியை நான் காயவே விடலை. தினம் விடியக்காலை குளிச்சுட்டு வந்து நம்ம துளசிக்கு ஒரு சொம்பு, இதுக்கு ஒரு சொம்பு. மூணு சுத்தும் சுத்திட்டேன். குளிருக்குக் கொஞ்சம் வாடிப்போச்சு போல, சரியாயிடும்."

லாவெண்டர் கதிரைப் பார்த்தால் துளசிக் கதிர் மாதிரிதான் இருக்கும். வீட்டில் துளசி வைத்திருப்பவள், மார்கழி மாதத்தில், வேறு என்ன செய்வாள்? அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரியாகிவிடும் என்று நானும் தலையாட்டினேன். மறுநாள் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அழுகிக் கையோடு வந்தது.

மகன் கூரியரில் உலர்ந்த பூ அனுப்பினான். துணிகளுக்கு நடுவே வைப்பதற்கென்று வாசனை எண்ணெய் தெளித்து விற்பது. அதை யார் வாயிலும் வைக்க மாட்டேன். ரோஜா போட்டுச் செய்திருக்கலாமே என்பாய். செய்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் அது உன் பிஸ்கட் இல்லை. உன் பெயரைச் சொல்லி வேறொன்றைப் பரிமாறச் சொல்கிறாயா?

நினைவு நாளன்று புடவை கட்டித் தயாராகிவிட்டேன். வாசலில் ஆட்டோவும் வந்து நின்றது. அத்தனை பேர் எதிரில் தொட்டி என்ன ஆயிற்று என்று ரெஜினா கேட்பாளே என்று நினைத்தேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, உடம்பு முடியவில்லை என்று அவளுக்குச் செய்தி போட்டேன். மறுநாள் காலையில் கோயிலில் நம் வகுப்புத் தோழி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். மீதியை அவள் பார்த்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது குமுதா காதுக்குப் போகும். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்குக் காலைக் காப்பி கலந்து மாடிக்குக் கொண்டுவருகிறவள் அவள். அவளுடைய மார்கழி பக்தியை நான் எப்படிக் குற்றம் ஆக்குவேன்?

போன வாரம் அவளே கேட்டாள். "பூக்கடையில என்னமோ பேசிக்கிறாங்க அக்கா. கிறிஸ்டியன் வீடுன்னு நீங்க சாப்பிடப் போகலியாம். நீங்களா? கேட்டதும் எனக்கு வயிறு எரியுது. ஏன் போகலைன்னு சொல்லித் தொலைங்களேன்."

சொன்னேன். கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான்தான் கொன்னேனா?"

"தண்ணி கொன்னுது."

"ஊத்தினது நான்தானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. அந்தப் பொண்ணு உங்களைத் தப்பா நினைக்கிறதுக்குப் பதிலா என்னை நினைச்சுட்டுப் போகட்டும். தெரியாமத்தான் ஊத்தினாள்னு ஒரு வரி மட்டும் சேர்த்துடுங்க."

சேர்த்துவிட்டேன். தெரியாமல்தான் ஊற்றினாள், ஆக்னஸ்.

வேறு செடி வாங்கித் தருவதாக மகன் சொல்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். மணல் சலிக்கவும், வெயிலுக்குத் தகுந்தபடி தொட்டியை இடம் மாற்றவும் என்னால் முடியாது. மாடிப்படி ஏறினாலே இப்போது மூச்சு வாங்குகிறது. காவிரியில் புதுப் பாலம் கட்டுகிறார்கள். அதில் ஒரு தடவையாவது உன் வீட்டுக்கு வர வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வாழ்நாளில் யார் வீட்டுக்கும் நான் வெறுங்கையோடு போனதில்லை. உன் வீட்டுக்கு அப்படி வருவேன். பிஸ்கட்டுக்குப் பதிலாக எதையும் வாங்கிக்கொண்டு வர மாட்டேன். எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து, ரெஜினா எனக்குப் பரிமாறுவதைச் சாப்பிடுவேன்.

ரெஜினா, நீ இதைப் படிப்பாய். நான் வரலாமா, கூடாதா? போன் செய்யாதே. காது முன்போல் இல்லை, பாதி கேட்டு மீதியை எனக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்வேன். இரண்டு வரி போதும், எழுதித் தபாலில் அனுப்பு.

உன் தோழியும்
ரெஜினாவின் பெரியம்மாவுமான
ராஜலட்சுமி,
ஸ்ரீரங்கம்.