ஒரு பிடி மஞ்சள் மண்

என் பாக்கியத்துக்கு,

உன் தம்பி திம்மராயன் இந்த மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டான். நீ ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன், இப்போது கூடை நிறைய மாம்பழத்தோடு வருகிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பழத்தை நான் தொடவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.

"மாமா, ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அக்கா நெலம் பட்டாவுல இன்னும் எங்க அப்பா பேருலயேதான் இருக்குது. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்" என்றான். சும்மா என்றால் எதற்குச் சூளகிரியில் பஸ் இறங்கி மூன்று மைல் நடந்து வர வேண்டும்? கண்ணாடி இல்லை, படிக்க முடியாது என்று அனுப்பிவிட்டேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

உனக்கு நினைவிருக்கும். நம் கல்யாணத்தன்று உன் அப்பா அந்த மேட்டு நிலத்திலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சளோடு சேர்த்து உன் முந்தானையில் முடிந்தார். "இந்த நெலம் எம் பொண்ணுக்குச் சீதனம், மஞ்சக்காணி" என்று பந்தலில் எல்லாரும் கேட்கச் சொன்னார். பத்திரம் எழுதலாமா என்று யாரோ கேட்டதற்கு, "எம் வாக்கை விட முத்திரைத்தாள் பெருசா?" என்று கோபித்துக்கொண்டார். நானும் மாப்பிள்ளை முறுக்கில் வேண்டாம் என்றேன். அந்த ஒரு பிடி மண்ணை நம்பி இருபது வருடம் கேழ்வரகு விதைத்தோம்.

கிருஷ்ணகிரி வக்கீலிடம் போனேன். இப்போது வாரிசுரிமைக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். போன வருடம் உன் அப்பா இறந்த பிறகு உனக்கு வந்த பங்கு என்றால், நமக்குப் பிள்ளை இல்லாததால் அது உன் பிறந்த வீட்டுக்கே திரும்பும். அவர் உயிரோடு இருக்கும்போது கொடுத்த கொடை என்றால் எனக்கு வரும். "கொடைன்னு காட்ட என்ன இருக்கு?" என்றார். பிறகு அவரே, "சம்சாரத்தை அங்கதானே பொதைச்சிருக்கீங்க? அவங்க நெலம், அதனாலதான் பொதைச்சோம்னு சொல்லலாம். நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் ஊர்வரை என்னோடு வந்தது.

மறுநாள் கர்ணம் வீட்டு வாசலில் திம்மராயன் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தான். நான் கன்னடச் சீமையில், ஆனேக்கல்லில் மூன்று வருடம் வண்டி ஓட்டியதை மறந்துவிட்டான். பிணத்தைப் புதைத்து மாமா நிலத்தைப் பிடித்துக்கொண்டாராம். கையெழுத்து விழுந்ததும் உன்னைப் புதைத்த அந்த மூலையையும் சேர்த்து ஏர் ஓட்டிவிடுவானாம்.

பாக்கியம், கடைசி நாள் நீ சொன்னாய், "என்னை நம்ம நெலத்துலயே வெச்சுடுங்க" என்று. என் காதில் மட்டும். ஊரார் கேட்டபோதெல்லாம் இதைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போது எனக்கே சந்தேகம். நீ சொன்னாயா, இல்லை, யாரையும் நம்பாத இந்தப் பாழும் மனசு சொன்னதா? குழி வெட்டும்போது, இனி இந்த நிலத்தை எவனும் கேட்கமாட்டான் என்று ஒரு கணம் நினைத்தேன். அழுதுகொண்டேதான் நினைத்தேன். ஆனாலும் நினைத்தேன்.

வழக்குப் போடப் போகிறேன். பந்தலில் இருந்தவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் திம்மராயனின் மாமனார், அவரை நம்புவதற்கில்லை. மற்ற இருவரைக் கூட்டிப்போவேன். ஆனால் உன் சமாதியைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். வக்கீலிடமும் சொல்லிவிட்டேன், என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்.

தோற்றுப்போனால், ஏர் வருகிற அன்று அந்த மூலையில் நான் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம். அப்போது நிலம் என்னுடையதாக இருக்காது. உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்காவது நீ நம்பலாம், நானும் நம்பலாம்.

உன் கழுத்தில் தாலி கட்டியவன்,
முனிசாமி