அழிக்கச் சொன்ன கோலம்

இன்று காலை அம்மா தன் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து மாடியில் உலர்த்தினாள். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல் கோபம் வந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. செத்தவர்கள் மேல் கோபம் வைக்கக்கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை.

ஸ்ரீராம்புரம் தியேட்டர்களில் நாம் சேர்ந்து பார்க்காத படம் உண்டா? முன்வரிசையில் என் காதருகே ஓயாமல் பேசுவாய். "மாடிப்படியில யாரு எறங்கி வராங்கன்னு பாரு மச்சா, அதான் பணம். வெள்ளப் பொடவையில ஒரு அம்மா வருவாங்க, அதான் நாடு. நம்மள மாதிரி ஆளுங்கள எங்க வெக்கிறான்னு பாரு. அதுல தெரிஞ்சிரும் படத்தோட மனசு." அதன்பிறகு எந்தப் படத்தையும் என்னால் சும்மா பார்க்க முடிந்ததில்லை.

பிறகு நீ உதவி இயக்குநர் ஆனாய். நம் சந்திலேயே படப்பிடிப்பு, "நம்ம ஏரியா படம்" என்றாய். சந்தே கல்யாண வீடாகிவிட்டது. பெண்கள் விடிவதற்கு முன்பே வாசல் கழுவிப் பெரிய பெரிய கோலமாகப் போட்டார்கள். மாநகராட்சியில் தெரு பெருக்கும் என் அம்மா லீவு போட்டுவிட்டு, இதே அரக்குப் பட்டை உடுத்தி, பூ வைத்து நின்றாள். கேமராவுக்கு முன் வேறு எப்படி நிற்பார்கள்?

நீ வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தாய்.

"அத்த, பழைய பொடவ ஒண்ணு கட்டிக்குங்களேன். கோலத்தையும் அழிச்சிரலாம். டைரக்டர் கேக்கறாரு."

வாளித் தண்ணீரை நீயே ஊற்றினாய். அதன் மேல் இரண்டு கூடை குப்பையைக் கொட்டினார்கள். நீ கைகாட்டிய இடத்தில், குப்பைக்குப் பக்கத்தில், அம்மா பழைய புடவையில் உட்கார்ந்தாள்.

படம் வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய நாயகன் காரை விட்டு இறங்கி மூக்கைப் பொத்துகிறான். திரை முழுக்க அம்மாவின் முகம். அடுத்து ஜேசிபி. அதற்கடுத்து அதே இடத்தில் கண்ணாடிக் கட்டடம், உச்சியில் தேசியக்கொடி. தியேட்டரே கைதட்டியது. ஊரைப் பெருக்கியவளை, நாடு முன்னேறப் பெருக்கித் தள்ள வேண்டிய குப்பையாகக் காட்டியிருந்தீர்கள். நீ துரோகி என்று அன்றே உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். நாலே மாதத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் அம்மா கேட்கிறாள்: "என் கையால சாப்ட்ட புள்ள அவன். இப்டிதான் காட்டப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா என்னைய அங்க உக்கார வெச்சிருப்பானா?"

"அவனுக்குத் தெரியாதும்மா," என்கிறேன்.

உனக்கா தெரியாது? ஆனாலும் அவள் கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்வேன். அவளுக்காகத்தான், உனக்காக இல்லை.