படகு போகாத இரண்டு நாள்

திண்டிவனம்,
6-8-2025.

அன்புள்ள தங்கை கலைப்பிரியாவுக்கு,

அக்கா பூமாலை எழுதுவது. டெல்லியில் நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். பண்ணினால் நான் கத்துவேன், நீ மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா என்று வைத்துவிடுவாய். காலை வியாபாரம் முடிந்துவிட்டது. ஐஸ் கடை அந்தோணிசாமி அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் மீன் வாசம் அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளாதே, அந்த வாசத்தில்தான் நீ காலேஜ் வரைக்கும் போனாய்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. உன் மாமாவுக்கு முட்டிவலி, ஆனாலும் படகை விடமாட்டேன் என்கிறார். அஸ்வினி விலங்கியல் இரண்டாம் வருடம் போய்விட்டாள். சித்தி மாதிரி ஆவேன், கடலுக்குள் முங்கிப் பவளம் எண்ணுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரத்திலிருந்து சொல்வதில்லை.

போன மாதம் 28ஆம் தேதி விழுப்புரத்தில் கூட்டம் என்று குப்பத்துக்குத் தாக்கீது வந்தது. சுப்பராயலு தலைவரோடு பன்னிரண்டு பேர் போனோம். நம் பார் இருக்கிற இடத்தைப் பவளக் காப்புப் பகுதி ஆக்கப்போகிறார்களாம். இழுவைப் படகு, ஃபைபர் படகு, தூண்டில் எதுவும் அங்கே போகக்கூடாதாம். பார் என்றால் என்ன என்று உனக்கா நான் சொல்லித்தர வேண்டும்? அந்தக் கடலடிப் பாறையையும் அதில் விசிறி விசிறியாக வளர்ந்திருக்கிற பவளத்தையும் பற்றி எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கினாய். பனந்தோப்பும் கோயில் கோபுரமும் ஒரே நேர்க்கோட்டில் தெரிகிற இடம் அது என்று உனக்குக் காட்டிக்கொடுத்தது நம் அப்பா.

காப்பாற்ற வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாரில் வலை போடக்கூடாது, நங்கூரம் இறக்கக்கூடாது, தூண்டில் மட்டும்தான் என்று உன் அரசாங்கத்துக்கு முன்னாலேயே ஊர் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மீறினவனை ஒரு வாரம் கடலுக்கு விடமாட்டார்கள், உன் மாமாவே ஒருமுறை வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சங்கரா மீனும் களவா மீனும் எங்களுக்கு அங்கேதான். அதை மூடிவிட்டால் நாற்பத்தாறு படகு எங்கே போகும்? நான் கூடையில் எதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறுவேன்?

கூட்டத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையைத் தலைவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை என்னிடம் கொடுத்து, "பூமாலை, உம் பொண்ணு இங்கிலீஷ் படிக்குது இல்ல, என்னா எழுதிக்கிறான்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். அன்று சாயங்காலம் அஸ்வினி வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பார் நல்ல நிலையில் இருக்கிறதாம், மனிதர் கைபடாததுதான் காரணமாம். கேட்டதும் சிரிப்புதான் வந்தது. அடுத்த வரி, இரண்டு நாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை பார்த்ததில் ஒரு மீன்பிடிப் படகுகூட வரவில்லை, ஆகவே இந்த இடத்தை நம்பிப் பிழைப்பவர்கள் யாரும் இல்லை. அதற்கப்புறம் தேதி. பிப்ரவரி 12, 13.

அஸ்வினி படிப்பதை நிறுத்திவிட்டாள். தாளை மடக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து இருந்தது.

அந்தத் தேதி உனக்கு நினைவில்லை என்றால் நான் சொல்கிறேன். பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா போனாள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் ஒரு படகும் இறங்காது. நீ பிறந்த ஊர் வழக்கம்தான் இது. புதன்கிழமை மத்தியானமே எடுத்திருப்போம். நீ அந்தமானில் பவளம் பார்க்கப் போயிருந்தாய். புதன் காலையில் போன் கிடைத்ததும் அழுதாய். நாளைக்கு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன், அம்மாவை எடுத்துவிடாதீர்கள் என்றாய். தலைவர் அன்றைக்குச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சின்னப் பொண்ணு வரட்டும்மா. இன்னொரு நாள் கடலுக்குப் போவலன்னா ஒண்ணும் கொறைஞ்சிடாது" என்றார். ஊரே உட்கார்ந்திருந்தது. ஐஸ் பெட்டியில் அம்மாவை வைத்துக்கொண்டு நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழன் மூன்று மணிக்கு, விமானம் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று சொன்னாய். நாலு மணிக்கு எடுத்தோம். நீ சனிக்கிழமை வந்தாய், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாய். கருமாதிக்கும் வரவில்லை. அதற்கெல்லாம் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊர் பேசினபோதுகூட, அவள் வேலை அப்படி என்று உனக்காகச் சண்டை போட்டேன்.

உனக்காகக் காத்திருந்த இரண்டு நாளை எடுத்துத்தான் எங்களுக்குப் பிழைப்பே இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

தெரியாமல் நடந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிலைக்கவில்லை. அறிக்கையின் மேலட்டையில் இருந்த நம்பரைப் பார்த்து, பாரை வந்து அளவெடுத்தவருக்குப் போன் போட்டேன். அறிவுச்செல்வன் என்று பெயர், கண்டாச்சிபுரத்துக்காரர், நடுவயது மனிதர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை நம் கடைக்கே வந்துவிட்டார். "கரைக்கு வந்தோம்க்கா. ஷாமியானா போட்டு மேளம் அடிச்சிக்கினு இருந்தாங்க. சாவு வீட்டுல போய் உங்ககிட்ட எத்தினி படகுன்னு எப்பிடிக் கேக்கறது? திரும்பிட்டோம். ஆனா ஃபாரத்துல கடைசிக் கட்டத்துல எழுதினேன்க்கா, ஊர்ல சாவு, யாரும் கடலுக்குப் போவலன்னு. மேடத்துக்குத்தான் அனுப்பினேன்" என்றார். செத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நல்ல மனுஷன், வெயிலில் நின்று அவ்வளவையும் சொன்னவருக்கு ஒரு டீகூட வாங்கித்தரத் தோன்றவில்லை எனக்கு.

அந்தக் கடைசிக் கட்டத்தை நீ படித்தாயா, படித்தும் விட்டுவிட்டாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத, கேட்க வேண்டாம் என்று தோன்றுகிறது. படிக்கவில்லை என்று நீ சொன்னால் நம்ப மாட்டேன். படித்தேன் என்று சொன்னால் தாங்க மாட்டேன்.

ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாது. படகே போகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன், யார் எழுதியது என்று சொல்லவில்லை. உன் மாமாவிடமும் சொல்லவில்லை. ஊர்க்காரர்களானால், "நம்ம கலை டெல்லில தானே கீது, அதும் காதுல போட்டா போதும், அது பாத்துக்கும்" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். நேற்றுத் தலைவர் நம் வீட்டுக்கு வந்து ஒரு மனுவைக் கொடுத்தார். ஊரே கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறது. உன் தங்கச்சிக்கு ஜல்தியா அனுப்பும்மா என்றார். இதோடு வைத்திருக்கிறேன். பிரித்துப் பார். ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்தவர்கள், பாடை கட்டினவர்கள், கருமாதிக்கு இலை போட்டவர்கள், ஒரு பெயர் விடாமல் இருக்கிறது. முதல் கையெழுத்து தலைவருடையது. இரண்டாவதாக என்னைப் போடச் சொன்னார். அக்கா என்பதால் உனக்கு மனசு இளகுமாம். போட்டேன்.

இந்த மாதம் 19ஆம் தேதி விழுப்புரத்தில் கடைசிக் கூட்டம். அதற்குள் கூட்டம் நடத்துகிற அதிகாரிகளுக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. 12, 13 இரண்டு நாளும் ஊரில் சாவு, அதனால்தான் படகு இறங்கவில்லை, இன்னொரு முறை வந்து பாருங்கள் என்று எழுது. அம்மா பெயரைப் போட வேண்டாம். செத்தது உன் அம்மா என்றும் எழுத வேண்டாம். ஊரில் ஒரு சாவு என்றால் போதும். உன் வேலைக்கும் உன் பெயருக்கும் ஒன்றும் ஆகிவிட வேண்டாம், அம்மா இருந்தால் அவளும் அதைத்தான் முதலில் கேட்பாள்.

நீ எழுதாவிட்டால் 19ஆம் தேதி நான்தான் எழுந்து சொல்ல வேண்டும். சாவு விழுந்தால் மறுநாளே எடுப்பீர்களே, யாருக்காக இரண்டு நாள் வைத்திருந்தீர்கள் என்று அந்த அதிகாரி கேட்பார். தலைவர் பக்கத்தில் இருப்பார், உன் மாமா இருப்பார், ஊரே இருக்கும். அதற்கு என் வாயால் பதில் சொல்லும்படி வைத்துவிடாதே, கலை.

வேளைக்குச் சாப்பிடு. கடலுக்குள் இறங்கும்போது பத்திரம். எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பூமாலை.