அறுபத்திரண்டு குரல்கள்

மார்ச் 3, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன், மருமகன், செத்துப்போன என் மகளுடைய மகள். வேறு யாரும் இல்லை. பிற்பாடு யாராவது ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சாதித்தால் எடுத்துக் காட்டுவதற்காக எழுதி வைக்கிறேன். மகன் சாதிக்கக்கூடியவன். ஏழு வயதில் என் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்து நொறுக்கிவிட்டு, அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றவன். அன்று பள்ளிக்கூடமே இல்லை.

பேச்சு என் மகளுடைய வெப்சைட்டைப் பற்றி. அவள் போய்ப் பத்து மாதம். நர்ஸ் வேலை பார்த்தவள். அவள் அப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தபோது நானும் அவளும் பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் அதில் எழுதினாள். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, விழுங்க முடியாதவருக்கு எப்படி ஊட்டுவது. அறுபத்திரண்டு குறிப்பு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன முக்கோணம். தொட்டால் அவளே படித்துச் சொல்வாள். “நோயாளியப் பாக்கிறவளுக்குக் கை ரெண்டும் வேலையா இருக்கும்மா. காதுதான் சும்மா இருக்கும்” என்பாள்.

இப்போது பக்கம் திறக்கப் பதினாலு விநாடி ஆகிறதாம். ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: அப்பாவுக்குப் புரையேறியபோது திறந்தேன், வரவே இல்லை என்று.

“மூடிடலாம் அத்தை. யாருக்கும் உதவாம எதுக்கு?” என்றார் மருமகன்.

அவருக்கு அந்தக் குரல் ஆகவில்லை. ஒரு தடவைகூட முக்கோணத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நான் தினமும் தொடுகிறேன்.

பேத்தி மாதக் கடைசி வரை தவணை கேட்டாள். அதற்குள் வேகமாக்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் மூடிக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்றார்.

மார்ச் 5

பிளகின் என்றால் என்னவென்று பேத்தி சொன்னாள். வெப்சைட்டில் மாட்டிவிடும் சின்னச் சின்னக் கருவிகள். இதில் ஏற்கெனவே இருபத்தேழு மாட்டியிருக்கிறதாம். பக்கம் முழுக்கப் பனி விழுவது போலக் காட்டுகிற ஒன்று கூட.

“உங்கம்மா எதுக்குடி இதப் போட்டா?”

“அழகுக்குப் பாட்டி.”

படுக்கைப் புண் படத்துக்கு மேலே பனி கொட்டுகிறது. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. நானும்தான். பதினாறு பிளகினைக் கழற்றினாள். பனியையும்.

மார்ச் 7

வேகத்துக்கென்றே மூன்று பிளகின் பார்த்து வைத்தாள். ஒன்று, வருகிறவர்களுக்கெல்லாம் பக்கத்தைப் புதிதாகச் சமைக்காமல் ஒரு தடவை சமைத்ததையே எடுத்து எடுத்துக் கொடுக்கும். ஒன்று படங்களைச் சுருக்கும். மூன்றாவது, எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று தம்பட்டம் அடித்தது. அதைப் போட்டதும் பக்கமே வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

“உன் மாமா மாதிரி” என்றேன். கழற்றி எறிந்தாள்.

பதினாலு இப்போது ஆறு. மீதிக்குக் காரணம் குரல்தானாம். பக்கம் திறக்கும்போதே அதுவும் முழுக்க இறங்குகிறதாம்.

“எடுத்துடுவியா?”

“எடுப்பேனா பாட்டி? தொட்டாத்தான் இறங்கணும்னு மாத்திடலாம். சனிக்கிழமை வேலைக்குப் போயிட்டு வந்து செய்றேன்.”

மார்ச் 9, சனி

பேத்தி வருவதற்குள் மகன் வந்துவிட்டான். அவசரக்குடுக்கை. குப்பை கூட்டுகிற பிளகின் ஒன்றைக் கண்டுபிடித்தானாம். எந்தப் பக்கமும் பயன்படுத்தாத கோப்புகளைத் தேடிப் பட்டியல் போடுமாம். ஐந்நூற்றுச் சொச்சம் வந்தது. லேப்டாப்பை என் மடியில் வைத்தான்.

“நீதான் அவ பக்கத்துலயே உக்காந்திருந்தவ. வேணும்கிறது ஏதாவது இருக்கான்னு பாரும்மா” என்று சொல்லிவிட்டு, போன் வந்ததென்று வாசலுக்குப் போனான்.

எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பெரிய எழுத்து தெரியும், பஸ் பலகை பார்த்துப் பார்த்துக் கற்றது. இவை சின்ன எழுத்து. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் கொஞ்சம் சிரித்திருப்பான், அவ்வளவுதானே? அடியில் ஒரே சொல் வரிசையாக நின்றது. பின்னால் இருந்த எண் மட்டும் மாறியது. ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“படிச்சிட்டியாம்மா?”

“பாத்தாச்சு. எல்லாம் ஒண்ணையே போட்டு வெச்ச குப்பை. போகட்டும்.”

அழித்தான். பக்கம் ரெண்டு விநாடியில் திறந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மார்ச் 10, ஞாயிறு

முக்கோணத்தைத் தொட்டேன். சத்தமில்லை. அடுத்த பக்கம். அதற்கடுத்தது. அறுபத்திரண்டையும் தொட்டுவிட்டேன்.

மார்ச் 11

மகள் குரலைப் பக்கத்தில் வைத்தது ஏதோ பழைய பிளேயர் வழியாக. குப்பை கூட்டுகிற பிளகினுக்கு அந்த வழி தெரியாது. அதனால் யாருக்கும் வேண்டாதது என்று முடிவு கட்டிவிட்டது.

பேக்கப் இருக்கிறது, எழுத்துக்கும் படத்துக்கும். ஒலி பாரம் என்று அதை விட்டுவிட்டு எடுக்கும்படி வைத்தது மகளே. அவள் பேசிப் பதிந்த போன்? மூன்றாம் மாதமே மருமகன் எல்லாவற்றையும் துடைத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

பேத்தி மாமனைப் பிடித்துக்கொண்டாள். “பேரக்கூடவா படிக்கல மாமா? அம்மா ஒண்ணு, அம்மா ரெண்டுன்னு அறுபத்திரண்டு வரைக்கும் அவளே பேர் வெச்சிருந்தா. பாட்டி மொதல்ல கேட்டு சரின்னு சொன்னாத்தான் வெளிய விடுவா, அதனால அந்தப் பேரு!”

மகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“என் தப்புதான்” என்றான்.

மார்ச் 12

அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 17

வீட்டில் யாரும் மகனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருமகன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காதாம். வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன், “நீங்கதான் அதக் கேக்கவே மாட்டீங்களே?” என்று.

“என்னைக்காவது ஒரு நாள் தைரியம் வந்ததும் கேட்டுக்கலாம்னு இருந்தேன் அத்தை.”

மார்ச் 20

மூவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். சின்ன எழுத்து தெரியாது. பாத்தாச்சு என்றது பொய். போகட்டும் என்றது நான்.

பேத்தி எழுந்து போய்விட்டாள். மகன் மட்டும், “விடும்மா. நானும் நின்னு பாத்திருக்கணும்” என்றான். திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

மார்ச் 24, ஞாயிறு

நாலு நாள் கழித்துப் பேத்தி பேசினாள். “உனக்கு எல்லாம் மனப்பாடம்தான? சொல்லு, பதிஞ்சுக்கறேன்.”

சொன்னேன். அவள் எங்கே நிறுத்துவாளோ அங்கே நிறுத்தினேன். ஊட்டுகிற குறிப்பின் நடுவில், “இந்த எடத்துல ரெண்டு தரம் இருமுவா” என்றேன்.

“இருமல் வேண்டாம் பாட்டி.”

நான் இருமினேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூட விட்டுப்போகவில்லை. ஆனால் வாயிலிருந்து வருவது கிழவியின் கரகரப்பு.

மார்ச் 31, ஞாயிறு

மூடவில்லை. மருமகனே வேண்டாம் என்றுவிட்டார். மூன்று விநாடி. என் குரல் தொட்டால் மட்டும் இறங்குகிறது.

ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவியைப் பார்த்துக்கொள்பவர். பேத்தி படித்தாள்: “பக்கம் இப்போது உடனே வருகிறது, நன்றி. முன்பு பேசிய அம்மா எங்கே? அந்தக் குரலைப் போட்டால்தான் என் மனைவி சாப்பிட வாயைத் திறப்பாள். புதுக் குரலுக்குத் திறக்க மாட்டேன் என்கிறாள்.”

என்ன பதில் போடட்டும் என்று கேட்டாள். இல்லை என்று போடு என்றேன். வேறென்ன போடுவது?

போனைத் துடைத்த மருமகனை விட்டுவிட்டேன். மகனையும், ஒலியைச் சேமிக்காமல் விட்ட மகளையும் விட்டுவிட்டேன். பெயர் தெரியாத அந்த நோயாளியின் வாயை மூட வைத்தவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் மகளைப் பெற்றவள். நான்.