தம்பெரேயில் ஒரு வளைகாப்பு

ஒலக்கூர்
மாசி, வெள்ளிக்கிழமை

என் மகள் சங்கவிக்கு அம்மா மனம் நிறைந்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் நண்பர் திருமுருகன் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறாராம். அவரிடம் பிரசவ மருந்துப்பொடியும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் கூடவே இந்தக் கடிதம்.

கழனியில் களை எடுத்தாயிற்று. போரில் தண்ணீர் குறையவில்லை. உன் ஊர் தம்பெரே என்று சொன்னால் தெருவில் பாதிப் பேர் தாம்பரம் என்றே நினைக்கிறார்கள். பால் சொசைட்டி பாண்டுரங்கன், "தாம்பரம்தானே, ஒரு எட்டு போய்ப் பார்த்துக்கினு வரலாமே" என்கிறார். பின்லாந்து என்று விளக்குவதற்குள் எனக்கு வாய் வலிக்கிறது.

உன் வளைகாப்பு அன்று நீ போனில் பார்த்தது ஒரு பக்கம்தான். இந்தப் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

உன் அப்பா போன பிறகு எந்த வளைகாப்பிலும் நான் சமையல்கட்டைத் தாண்டியதில்லை. யாரும் போ என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தாங்காதே என்று நானே ஒதுங்கிக்கொள்வேன். அன்றும் அப்படித்தான். திண்டிவனம் கடைத்தெருவில் வளையல்களைப் பார்த்துப் பார்த்து வாங்கிப் பார்சல் அனுப்பியவள் நான். ஆனால் போனைச் சித்தி கையில் கொடுத்துவிட்டு உள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

நீ அம்மா எங்கே என்று கேட்டாய். சித்தி, "அவங்க எதுக்குடி, நல்ல காரியம் நடக்கச்சொல்ல" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அப்போது நீ சொன்னாயே, "பெட்டியில எடம் இல்ல சித்தி, அந்தப் பழக்கத்தை அங்கியே வுட்டுட்டு வந்துட்டேன். எங்கம்மா வராம நான் கையை நீட்ட மாட்டேன்" என்று. இங்கே கூடியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சித்தியே எழுந்து வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

உன்னைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே நீ பட்டுப்புடவையில், தலையில் காகிதப் பூ. பக்கத்தில் எழுவகைச் சோறு, நம் வீட்டில் வைப்பது போலவே. மாப்பிள்ளை, "அத்தை, நீங்க அவ பேரைச் சொல்லுங்க, உங்க கையா நான் போடுறேன்" என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். முதல் வளையல் ஏறியது. உன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் உடைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைப் போட்டாளே, அதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பே வந்தது.

போன வாரம் சித்தி மகள் ஜோதிலட்சுமிக்கு வளைகாப்பு. நான் வழக்கம்போல அடுப்பண்டை இருந்தேன். சித்தி வந்து, "அக்கா, வந்து முதல்ல சந்தனம் வைங்க" என்றாள். கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். சித்தி திரும்பி, "எங்க சங்கவி அத்தினி தூரத்துல செஞ்சதை நாங்க இங்க செய்ய மாட்டமா" என்று கேட்டாள். ஜோதி கன்னத்தில் சந்தனம் வைத்தேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பழக்கத்தை விட்டுவிடுவாளோ என்றுதான் உன்னை அனுப்பும்போது பயந்தேன். நீ அதைக் கழுவித் துடைத்து எங்களுக்கே திருப்பித் தந்திருக்கிறாய். தெருவில் நடக்கும்போது என் தலை தானாக நிமிர்கிறது, மகளே.

எனக்கு விசா மறுத்துவிட்டார்கள். மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். அவர் சிரமப்பட வேண்டாம். பத்திய சாப்பாடு எப்படிச் செய்வது என்று அவருக்குப் போனில் சொல்லித் தருகிறேன், நன்றாகவே கற்றுக்கொள்வார். வலி எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. அம்மா என்று வாய்விட்டுக் கூப்பிடு. அங்கே யாருக்கும் புரியாவிட்டால் பரவாயில்லை, நான் இங்கே விழித்துத்தான் இருப்பேன். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராக நல்லபடி பிரிந்து, நூறு வருஷம் வாழுங்கள்.

உன் அம்மா,
பாஞ்சாலி தேவநாதன்